பார்ல் மொட்டைப் பாறை: தண்ணீர் போன வழியே ஏறிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் பார்ல்; அதன் மேலே இந்த மலை. முதல் தடவை போனபோது இதை நான் பார்க்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காரை மேலே வரைக்கும் ஓட்டிப்போய் நிறுத்தினேன், சங்கிலியைப் பிடித்துப் பாறைமேல் ஏறினேன், நாலு படம் எடுத்தேன், இறங்கிவிட்டேன். மொத்தமே ஒரு மணி நேரம். வீட்டில் கேட்டதற்கு, "மொட்டைப் பாறை, காத்து நல்லா அடிக்குது" என்றேன். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு மொட்டைப் பாறை என்ன புதுசா?

இரண்டாம் தடவை, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்த ஒரு மாமாவைக் கூட்டிப்போனேன். கரும்புத் தோட்டக் குடும்பம், எழுபதைத் தாண்டிய வயசு. தமிழ் பேசுவார், நடுநடுவே ஆங்கிலமும் ஜூலுவும் வந்து விழும். முந்தின நாள் நல்ல மழை. பாறை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர், "தம்பி, இவ்ளோ தண்ணி மேலே விழுது. கல்லு குடிக்காது. அப்போ எங்கே போகுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அன்றைக்கு முழுக்க நடந்தோம். அதற்குப் பிறகு கேப் டவுன் ரைலாண்ட்ஸ் சிவாலயத்துக்கு வரும் நண்பர்களோடு பல தடவை போய்விட்டேன். வழி மட்டும் மாறவில்லை. கீழே எழுதியிருப்பது அந்த வழிதான்.

படி 1: நாள் பார்ப்பது

கேப் பக்கம் மழை குளிர்காலத்தில் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் ஊர்க் கணக்கும் டர்பன் கணக்கும் இங்கே செல்லாது. டர்பனில் கோடையில் கொட்டும், இங்கே கோடையில் மழை அபூர்வம். டிசம்பர் முதல் மார்ச் வரை பார்ல் பள்ளத்தாக்கு அடுப்புதான், 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பாறை அந்த வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு உங்கள் உள்ளங்காலுக்குத் திருப்பித் தரும். காட்டுத்தீ காலமும் அதுவே.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் போவது நல்லது. அதிலும் மழை நின்ற இரண்டாம் நாள். முதல் நாள் பாறை ஈரமாக இருக்கும், ஏறக் கூடாது. நாலைந்து நாள் விட்டால் ஆழமில்லாத சுனைகள் வற்ற ஆரம்பித்துவிடும். இரண்டாம் நாள் காலையில் பாறை காய்ந்திருக்கும், குழிகளில் தண்ணீர் நிற்கும், பூவும் இருக்கும். உச்சியை மேகம் மூடியிருந்தால் காபி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். மொட்டைப் பாறைமேல் மின்னலுக்கு ஒளிய இடமில்லை.

படி 2: பை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மேலே சுனை இருக்கிறது, ஆனால் அது குடிப்பதற்கல்ல. தொப்பி, காற்றுத் தாங்கும் மேல்சட்டை, அடிப்பாகம் தேயாத ரப்பர் செருப்பு அல்லது ஷூ. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு போதும். மிச்சத்தை அங்கே கொட்டாதீர்கள். காருக்குள் பை, போன் எதுவும் கண்ணில் படும்படி விட வேண்டாம், தனியாக ஏற வேண்டாம். இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கைபேசியிலிருந்து அவசர எண் 112. மலை முழுக்க இயற்கைக் காப்பகம்; அதன் வாயிலில் மூடும் நேரம் எழுதியிருக்கும். உள்ளே போகும்போதே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஏறுவதற்கு முன் தள்ளி நின்று பார்ப்பது

கேப் டவுனிலிருந்து என்1 நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர். நேராக மலைக்குப் போகாமல், ஊரைத் தாண்டி பெர்க் ஆற்றின் கிழக்குக் கரைக்குப் போய் நில்லுங்கள். காலை வெயில் அப்போதுதான் மலையின் முகத்தில் விழுந்திருக்கும். நீளமாகப் படுத்த ஒரு மலை. அதன் முதுகில் மூன்று பெரிய பாறைக் குவிமாடங்கள். உயரம் சுமார் 700 மீட்டர். பெரிய உயரமில்லை, ஆனால் சுற்றிலும் பள்ளத்தாக்கு என்பதால் எடுப்பாகத் தெரியும்.

ஆடுமாடு மேய்த்து இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த கோய்கோய் மக்கள் இதை ஆமை மலை என்று அழைத்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் ஏனென்று விளக்கவே வேண்டாம், ஓடு அப்படியே தெரியும். 1657இல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் குடியேற்றம் அமைக்க வான் ரீபெக் கேப்பில் இறங்கி ஐந்து வருடம் ஆன நிலையில், கம்பெனி அதிகாரி ஆபிரகாம் கபெமா மாடு வாங்குவதற்காகக் கோய்கோய் மக்களைத் தேடி இந்தப் பக்கம் வந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்த பாறை வெயிலில் மின்னுவதைப் பார்த்து, வைரம் என்றும் முத்து மலை என்றும் பெயர் வைத்தார். வைரம் காலப்போக்கில் உதிர்ந்துபோனது, முத்து நின்றது. டச்சில் பார்ல் என்றால் முத்து.

பெயர் வந்ததே தண்ணீரால். காய்ந்த நாளில் இந்தப் பாறையைப் பார்த்து யாரும் முத்து என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய சிமென்ட் நிறம். எங்கள் ஊருக்குத் திண்டுபோன்ற கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். ஒரு நாள் மினுமினுப்பைப் பார்த்துப் பெயர் வைத்தவர் வழிப்போக்கர். எனக்கு ஆமைதான் சரியாகப் படுகிறது.

மாடு வாங்கும் வியாபாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டை வந்தது. 1673 முதல் 1677 வரை கோய்கோய்களில் ஒரு பிரிவான கொச்சோக்வா மக்களும் அவர்கள் தலைவர் கொனெமாவும் டச்சுக்காரர்களோடு போரிட்டார்கள். 1713இல் கப்பல் வழியாக வந்த பெரியம்மை மிச்சமிருந்த கோய்கோய் சமூகத்தை நிலைகுலைத்தது. ஆமை மலை என்ற பெயர் வழக்கிலிருந்து போனது இப்படித்தான்.

படி 4: அடிவாரத் தோட்டம்

மேலே போகிற வழியில் மியூல்வாட்டர் என்ற காட்டுப்பூத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஆலைத் தண்ணீர் என்று பொருள். மாவு ஆலையைச் சுற்றவைத்த தண்ணீர். மாமாவின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. மேலே பாறை உதறிய மழைதான் ஓடையாகி ஆலைக்கு வந்தது.

காரை இங்கே நிறுத்திவிட்டு நடக்கச் சொல்வேன். மேலே வரைக்கும் வண்டி போகும், வயசானவர்கள் இருந்தால் தாராளமாகப் போங்கள். கால் நல்லபடியாக இருப்பவர்கள் நின்று நின்று நடந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

தோட்டத்தில் பூச்செடிகளின் பெயரைப் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். மேலே பலகை கிடையாது. மூன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புரோட்டியா, தென்னாப்பிரிக்காவின் தேசிய மலர் சார்ந்த இனம். உள்ளங்கை கொள்ளாத பூ, அடியில் தேன் தேங்கி நிற்கும். இரண்டாவது ரெஸ்டியோ, கோரைப்புல் மாதிரி இருக்கும், இலை என்று எதுவும் தெரியாது. மூன்றாவது எரிகா, சின்னச் சின்ன மணிகளாகப் பூக்கும் புதர். இந்த மூன்றும் சேர்ந்த புதர்க்காட்டைத்தான் இங்கே ஃபின்போஸ் என்கிறார்கள். கேப் தாவர மண்டலத்தில் ஏறத்தாழ 9,000 வகைச் செடிகள். பத்தில் ஏழு வகை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராது.

வெள்ளிமரம் கண்ணில் பட்டால் இலையைத் தடவிப் பாருங்கள், பட்டுத் துணி. கேப் தீபகற்பத்திலும், அதைவிட்டால் பார்ல், ஸ்டெல்லன்போஷ், சோமர்செட் வெஸ்ட் பக்கம் சில இடங்களிலும் மட்டுமே தானாக வளரும் மரம் இது. இலைமேல் இருக்கும் மெல்லிய மயிர் வெயில் ஏறினால் படிந்துகொள்ளும், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதனால் உச்சிவெயிலில்தான் மரம் நன்றாக மின்னும்.

படி 5: கல்லைத் தொட்டுப் பார்ப்பது

இதுதான் பலரும் தாண்டிப் போய்விடும் இடம். குவிமாடத்தின் அடிக்கு வந்ததும் ஏறாதீர்கள். உட்காருங்கள்.

நாம் கருங்கல் என்கிறோம், இது கருப்பில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூன்று நிறம் தெரியும். பால் கலந்த வெள்ளை அல்லது இளமஞ்சளில் கட்டியாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ், நம் படிகக்கல். இடையிடையே மிளகைத் தட்டித் தூவியதுபோல் இருக்கும் கருப்பு மைக்கா; அதுதான் வெயிலில் கண் சிமிட்டும். மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 54 கோடி வருடங்களுக்கு முன்னால், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இந்தக் கல் உருகிய குழம்பாக இருந்தது. மேலே மூடியிருந்த பழைய களிமண் பாறைகள் போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துவைத்தன. பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிதாகக் கட்டுகிற மாதிரி, மெதுவாக ஆறிய குழம்பில் மணிகளும் பெரிதாகக் கட்டின.

பிறகு மேலே இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையில் அரித்துப் போனது. பாரம் குறைந்ததும் அடியில் அமுங்கிக் கிடந்த கருங்கல் விரிந்தது. விரிந்தபோது மேற்பரப்புக்கு இணையாக, அடுக்கு அடுக்காக விரிசல் விட்டது. அந்த அடுக்குகள்தான் வெங்காயத் தோல்போல ஒவ்வொன்றாக உரிந்து விழுகின்றன. மூலைகள் முதலில் போய்விடும் என்பதால் மிஞ்சுவது எப்போதும் உருண்டை. மொட்டைத்தலை உருவம் இப்படி வந்ததுதான்.

சந்தைக்குப் போனால் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதையே இங்கே செய்யுங்கள். விரல் முட்டியால் பாறையைத் தட்டிக்கொண்டே நடங்கள். உயிரோடு இருக்கும் பாறை சத்தமே தராது, முட்டிதான் வலிக்கும். உரிந்துகொண்டிருக்கும் ஏடு வந்தால் சத்தம் மாறும். உள்ளே வெற்றிடம் இருக்கிற பொக்கைச் சத்தம். அந்த மாமா இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, "இது நல்ல பானை... இது ஓட்டைப் பானை" என்று தட்டிக்கொண்டே வந்தார். ஏட்டின் விளிம்பில் குனிந்து பார்த்தால் அடியில் இரண்டு விரல் இடைவெளி, அதற்குள் ஈரம், ஈரத்தில் ஒரு சின்னச் செடி. அந்த ஏட்டின்மேல் நிற்காதீர்கள்.

அடியில் கொட்டிக் கிடக்கும் பருமணலை ஒரு கை அள்ளுங்கள். மழைநீர் ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். பிடிப்பு விட்டதும் குவார்ட்ஸ் மணிகள் உதிரும். உங்கள் கையில் இருப்பது அதுதான். களிமண் தண்ணீரோடு கீழே போய்விட்டது, அங்கே திராட்சை வளர்கிறது.

குவிமாடத்தைச் சுற்றி மட்டும் மரம் அடர்த்தியாக நிற்பதையும் கவனியுங்கள். காட்டு ஒலிவம் போன்றவை. பாறை குடிக்காத தண்ணீரெல்லாம் விளிம்பில் வழிந்து அங்கேதான் இறங்குகிறது. போதாததற்குப் பெரிய குண்டுக் கற்கள் தீயையும் தடுத்துவிடுகின்றன. மாமாவுக்கு இரண்டாவது பதில்.

படி 6: சங்கிலி

மூன்று குவிமாடங்களில் ஒன்றான பிரெட்டான்யே பாறையில் ஏறுவதற்குச் சங்கிலி பதித்திருக்கிறார்கள். பழனியில் யானைப்பாதை வேண்டாம், படிதான் வேண்டும் என்று ஏறுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, முழு உள்ளங்காலும் பாறையில் படும்படி வைத்து ஏறுங்கள். குதிகாலைத் தூக்கினால்தான் வழுக்கும். சங்கிலி துணைக்கு, எடை காலில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, அனுபவித்துச் சொல்கிறேன். பாறை நெடுகக் கருப்புக் கோடுகள் இறங்கி வருவதைப் பார்ப்பீர்கள், யாரோ தார் ஊற்றியதுபோல. மழைநீர் வழக்கமாக வழியும் தடங்கள் அவை. அந்த ஈரத்தை நம்பிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பாசி குடியிருக்கிறது. காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். லேசாக ஈரம் இருந்தாலும் சவுக்காரம். ஒரு செப்டம்பரில், முந்தின இரவு தூறியது தெரியாமல் அந்தக் கோட்டில் கால் வைத்தேன். பத்தடி உட்கார்ந்தபடியே இறங்கினேன். முழங்கைத் தோல் போனது, போன் கண்ணாடி போனது, கூட வந்த பிள்ளைகள் முன்னால் என் மரியாதையும் போனது. கருப்புக் கோட்டை எப்போதும் தாண்டிப் போங்கள், மிதிக்காதீர்கள்.

இன்னொரு பக்கம், ஆரஞ்சும் சாம்பலுமாக வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது கற்பாசி. ஒரு உள்ளங்கை அகலம் வளர எத்தனையோ வருடம் எடுத்துக்கொள்ளும். அதைச் சுரண்டி இனிஷியல் எழுதும் ஆட்களை அங்கேயும் பார்த்தேன். நம் ஊர் மலைகளில் பெயிண்டால் காதலை எழுதுகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் போல.

படி 7: சுனை

மேலே ஏறியதும் எல்லாரும் விளிம்புக்கு ஓடுவார்கள். நீங்கள் குழிகளைத் தேடுங்கள். சித்தன்னவாசலில், திண்டுக்கல் மலைக்கோட்டையில் பார்த்த அதே சுனைதான், ஆனால் இது எவரும் வெட்டாதது. பாறையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் போதும், தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் அடியில் ஃபெல்ட்ஸ்பாரைத் தின்னும். கோடையில் வற்றும்போது உதிர்ந்த மணிகளைத் தென்கிழக்குக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த மழைக்குக் குழி கண்ணுக்குத் தெரியாத அளவு ஆழமாகியிருக்கும். ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் காற்றும் மாறி மாறி வேலை செய்யும் உளி.

நான் அதிகம் உட்காரும் ஒரு சுனை கட்டில் அகலம் இருக்கும், ஆழம் கணுக்கால் அளவு. தட்டையான அடியில் பருமணல். ஓரத்தில் தடித்த இலையோடு சிவந்த சின்னஞ்சிறு செடிகள். தண்ணீரில் தலைப்பிரட்டைகள், கூடவே முட்டையாகவே கோடையைக் கடத்திவிடும் பொடி நீர்ப்பூச்சிகள். இரண்டு மூன்று மாதத்துக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். சுனையில் கை கழுவாதீர்கள். தோலில் தடவிய சன்ஸ்கிரீன் அந்த அளவுத் தண்ணீருக்கு அதிகம்.

பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் மற்றவர்கள் வருவார்கள். முதலில் ஓணான். ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலை நல்ல நீலமாகிவிடும். உயரமான கல்லில் ஏறி நின்று தண்டால் எடுக்கும். பிறகு டாசி, முயல் அளவில் கொழுத்த பழுப்பு உருவம், வால் கிடையாது. இதற்கு உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உள்ளங்கால் எப்போதும் ஈரமாக இருக்கும், அதனால்தான் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பாறையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்த மாதிரி கறை தெரிந்தால் அது கூட்டம் கூட்டமாக டாசிகள் ஒரே இடத்தில் மூத்திரம் பெய்த தடம். ஒன்று மட்டும் மேலே நின்று காவல் காக்கும். அது கீச்சென்று கத்தி எல்லாம் பொந்துக்குள் பாய்ந்தால் நீங்கள் உடனே வானத்தைப் பாருங்கள்.

வெரோ கழுகாக இருக்கலாம். உடம்பு முழுக்கக் கரி, முதுகில் மட்டும் வெள்ளையாக ஒரு வி. இதன் சாப்பாடு பெரும்பாலும் டாசிதான். டாசி நிறைய இருக்கும் மலைதான் இந்தக் கழுகுக்குப் பிடிக்கும். வழக்கமாக இரண்டு முட்டை இடும். முதலில் பொரிந்த குஞ்சு இரண்டாவதைக் கொத்திக் கொன்றுவிடும், தாய் பார்த்துக்கொண்டிருக்கும். இதைக் கேட்டு எங்களோடு வந்த ஒரு அக்கா, "என்ன தாய் இது" என்று கழுகைத் திட்டியபடியே இறங்கினார்.

புரோட்டியா புதரில் நீளமான வாலோடு காற்றில் ஆடி உட்காருவது கேப் தேன்பறவை. அதைவிடச் சின்னதாக, வயிறு ஆரஞ்சாக இருப்பது தேன்சிட்டு. இரண்டும் இந்த ஃபின்போஸ் நிலத்தை விட்டு வேறெங்கும் வாழாதவை. குளம்பு நுனியில் நிற்கும் கிளிப்ஸ்பிரிங்கர் மானைப் பார்த்தால் அது அதிர்ஷ்டம். பாம்பும் உண்டு. பஃப் ஆடர் என்ற விரியன் வகை, மனுசன் வந்தாலும் விலகாமல் பாதை நடுவிலேயே வெயில் காயும். கண் பாதையிலும் இருக்கட்டும்.

படி 8: பீரங்கிப் பக்கம் நின்று நாலு திசையும் பார்ப்பது

குவிமாடங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீரங்கி இருக்கிறது. சண்டைக்கு வைத்ததல்ல. டேபிள் விரிகுடாவில் கப்பல் வந்தால் கடற்கரையிலிருந்து குன்றுக்குக் குன்று பீரங்கி வெடித்துச் செய்தி உள்நாட்டுக்கு வரும். குடியானவர்கள் காய்கறி, கோதுமை, ஒயினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தக் கால வாட்ஸ்அப் குழு.

தெளிவான நாளில் தென்மேற்கே டேபிள் மலை தெரியும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிக் கிழக்கே ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மலைகளைப் பாருங்கள். அவை கூர்கூராக, அடுக்கு தெரிய நிற்கின்றன. நீங்கள் நிற்பது வழவழ. அது மணற்கல், இது கருங்கல். ஒரு காலத்தில் அந்த மணற்கல் இந்தக் கருங்கல்லின் மேலும் போர்த்தியிருந்தது. டேபிள் மலையில் இன்றும் கீழே கருங்கல், மேலே மணற்கல். இங்கே மேல்போர்வை போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். 1836 ஜூனில் பீகிள் என்ற ஆய்வுக் கப்பல் கேப்பில் நின்றபோது சார்லஸ் டார்வின் குதிரையில் இந்தப் பக்கம் வந்து, பார்லுக்கு மேலே இருக்கும் இந்த உருண்டைக் குன்றுகளில் ஏறிப் பார்த்தார்.

கீழே கட்டம் கட்டமாகத் தெரிவது திராட்சைத் தோட்டம். 1687இல் கேப்பின் டச்சுத் தலைமை அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் இங்கே முதல் பண்ணைகளை அளந்து கொடுத்தார். அடுத்த வருடம், பிரான்ஸில் மதத்துக்காகத் துரத்தப்பட்ட ஹ்யூகனாட்கள் வந்து சேர்ந்தார்கள். சுற்றுலாப் பலகைகளில் இதுவரைக்கும் வரும். வராதது ஒன்று உண்டு, அதை நான் ஒவ்வொரு தடவையும் இங்கே நின்று சொல்வேன்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் கதை என்றால் 1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்த நாள் என்று ஆரம்பிப்போம். அதற்கு இருநூறு வருடம் முன்பே சோழமண்டலக் கரை ஆட்கள் கேப்புக்கு வந்துவிட்டார்கள், அடிமைகளாக. பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை 1613இலிருந்து இருந்தது. 1658இல் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போனது. பஞ்ச காலத்தில் அந்தக் கரையில் ஆட்களை வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். 1808 வரைக்கும் கேப்புக்கு இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்றும், அதில் கால்வாசி இந்தியாவிலிருந்து என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏட்டில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. எஜமான் வைத்த பெயரோடு "வான் கொரமாண்டல்", அதாவது சோழமண்டலத்து ஆள். இந்தப் பள்ளத்தாக்குப் பண்ணைகள் அடிமை உழைப்பில்தான் ஓடின. சட்டப்படி விடுதலை 1834 டிசம்பர் 1. "பயிற்சி" என்ற பெயரில் இன்னும் நாலு வருடம் பிடித்துவைத்து, 1838இல்தான் உண்மையாக விட்டார்கள்.

இதைக் கேட்ட மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தாவுக்கு நம்பராவது இருந்துச்சு" என்றார். டர்பனில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அவர் தாத்தாவின் எண் அவருக்கு மனப்பாடம்.

படி 9: இறங்கும் வழியில் அணைகள்

வந்த வழியே இறங்காமல் மலைமேல் இருக்கும் அணைகள் பக்கமாகச் சுற்றி வாருங்கள். நான்ட்ஸ், பெத்தெல் என்று பெயர். பாறை உதறும் தண்ணீரை ஊருக்காகத் தேக்கியவை. மூன்றாவது பதில்.

வழியில் கருகிய புதர்கள் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். ஃபின்போஸ் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு தடவை எரிந்தாக வேண்டும். பல புரோட்டியாக்கள் விதையை இறுக்கமாகப் பூட்டி வைத்திருக்கும், தீயில் செடி செத்தால்தான் திறக்கும். வேறு சில விதைகளுக்குச் சூட்டைவிடப் புகைதான் முளைக்கச் சொல்லும் சேதி. இதை 1990இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள்தான் முதலில் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் அடிக்கடி தீ வருவது. செடி விதை பிடிக்கும் வயசுக்கு வருவதற்குள் மறுபடி எரிந்தால் அந்த வகை அங்கே முடிந்தது. ஆகவே அடுப்பு மூட்ட ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் நெருப்பு வேண்டாம். பிராய் (இங்கத்து நெருப்பில் சுடும் இறைச்சி விருந்து) போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆகாது என்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

ஓடையோரம் நிற்கும் கருப்பு வாட்டில், மேட்டில் நிற்கும் பைன் இரண்டும் வந்தேறிகள். ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்கு வாட்டில் தெரிந்த முகம்தான். அங்கே சீகை மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டைக்காகக் கொண்டுவந்து, இரண்டு இடத்திலும் ஓடையைக் குடித்துப் புல்லையும் புதரையும் விழுங்கியது இதே மரம்தான். வெட்டிப் போட்ட வாட்டில் குவியலைப் பார்த்தால் மரத்தை வெட்டிவிட்டார்களே என்று கோபப்படாதீர்கள், தண்ணீருக்காக வெட்டியது.

அடிவாரத்தில் களிமண் நிலம் தொடங்கும் இடத்தில் முன்பு ரெனோஸ்டர் புதர்நிலம் இருந்தது. மண் வளமானது என்பதாலேயே கோதுமைக்கும் திராட்சைக்கும் உழுதுவிட்டார்கள். இன்று பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. கருங்கல் தலை தப்பியது, அங்கே ஏர் ஓடாது என்பதால்தான்.

படி 10: நேரம் இருந்தால் மொழிக் கோபுரம்

மலையின் தெற்குச் சரிவில், டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரிய தூண் 57 மீட்டர். கட்டடக் கலைஞர் யான் வான் வெய்க், 1975இல் திறந்தார்கள். நூறு வருடம் முன்னால், 1875இல், ஆப்பிரிக்கான்ஸை எழுத்து மொழியாக்க பார்லில்தான் சங்கம் கண்டார்கள் என்பதற்காக. நடைபாதையில் "டிட் இஸ் ஒன்ஸ் எர்ன்ஸ்" என்று பதித்திருக்கும். நம் வாயில் சொன்னால், "எங்களுக்கு இது விளையாட்டில்லை."

மொழிக்குக் கோயில் கட்டும் ஆட்களை நமக்குப் புரியும். ஆனால் திறந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1976 ஜூன் 16இல், அதே மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற திணிப்பை எதிர்த்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். இந்தி எதிர்ப்பைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் விளங்கும். சங்கம் காண்பதற்கு முன்பே கேப் முஸ்லிம் பள்ளிகளில், அடிமைகளின் வழிவந்தவர்கள், இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். கெர்ரி என்ற அவர்கள் சொல் நம் கறிதான். 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் பெயரோடு இருக்கிறது. தமிழுக்குத் தூண் எதுவும் கிடையாது. இந்தச் சரிவிலிருந்து தென்கிழக்கே போகும் பள்ளத்தாக்கில்தான், 1990 பிப்ரவரி 11இல், விக்டர் வெர்ஸ்டர் சிறை வாசலிலிருந்து மண்டேலா நடந்து வெளியே வந்தார்.

மாலை வெயிலில் இங்கே உட்கார்ந்து மிச்சப் புளிச்சோற்றை முடித்துவிட்டு, கிளம்பும்போது பெர்க் ஆற்றுப் பாலத்தில் ஒரு நிமிடம் வண்டியை ஓரங்கட்டச் சொல்வேன். ஓடை, அணை, திராட்சைக் கால்வாய் எல்லாம் தாண்டி மிஞ்சிய தண்ணீர் இதில்தான் சேர்கிறது. வடக்கே போய், மேற்கே திரும்பி, ஃபெல்ட்ரிஃப் என்ற மீனவர் ஊரில் அட்லாண்டிக்கில் விழுகிறது. அங்கே கழிமுகத்தில் ஃபிளமிங்கோக்கள் நிற்கும். அன்றைக்கு மாமா பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "அங்கேயும் போலாமா தம்பி?" என்றார். நேரம் ஆகிவிட்டது, மறுநாள் அவருக்கு டர்பன் விமானம். உப்பளத்துப் பக்கம் மீன் கருவாடு காயப்போட்டிருப்பார்கள், காலையிலேயே கிளம்பினால் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லிவைத்தேன்.